நிறுவனத்தின் கையிலிருந்து வெளியே வரும் திறமூல லைப்ரரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து எழுதவைத்து, பிறகு திறமூலமாக வெளியிட்ட லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, தனித்திட்டமாகப் பிரிக்கும் வேலை யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவர்களுக்கான பக்கம் இது. பராமரிப்பாளர்கள் கேட்பதும், சட்டப் பிரிவோடு பேசப் போகும் மேலாளர்கள் கேட்பதும், அந்த லைப்ரரியை நம்பித் தயாரிப்பை ஓட்டும் குழுக்கள் கேட்பதும் கலந்தே இருக்கின்றன.

கோடு, அதாவது மூலநிரல், ஏற்கெனவே திறமூல உரிமத்தில்தான் இருக்கிறதே. பிரித்துக் கொடுக்க இன்னும் என்ன இருக்கிறது?

கோட்டைத் தவிர மற்ற எல்லாமே. உரிமம் கோட்டை நகலெடுக்கவும் மாற்றவும் மட்டுமே விடுகிறது. அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6ஆம் பிரிவு, வணிகச்சின்னத்தின் மீது எந்த உரிமையும் தரப்படவில்லை என்று நேரடியாகவே சொல்கிறது. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களிலும் பெயர் மீது உரிமை எதுவும் கிடையாது.

ஹட்சன் கதை இதற்குப் பழைய பாடம். சன் நிறுவனத்தில் பிறந்த அந்த பில்ட் சர்வர் (கோட்டைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் மென்பொருள்), 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோது கூடவே போனது. ரெப்போவை, அதாவது கோடு இருக்கும் களஞ்சியத்தை, வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றி எழுந்த சச்சரவில், பெயர் தங்களுடையது என்றது ஆரக்கிள். கோடு எம்ஐடி உரிமத்தில்தான் இருந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பெயரை வைத்துக்கொள்ள முடியாமல், 2011 ஜனவரியில் 214-க்கு 14 என்ற வாக்கில் சமூகம் ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. உழைத்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனதால் பிழைத்தது. உங்கள் லைப்ரரிக்கு அந்த அளவு ஆள்பலம் இல்லையென்றால், பெயரை இழப்பது பயனர்களை இழப்பதுதான்.

அப்படியானால் நிறுவனத்திடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

முதலில் பெயரும் லோகோவும்: பதிவு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும். அடுத்து டொமைன். பிறகு கிட்ஹப் ரெப்போ, பயனர்கள் லைப்ரரியைப் பதிவிறக்கும் பேக்கேஜ் பதிவகங்களில் உரிமையாளர் நிலை, ரிலீஸில் கையெழுத்திடும் சாவி, ஆவணத் தளத்தின் மூலக் கோப்புகள், பாதுகாப்புப் புகார் வரும் மின்னஞ்சல் முகவரி, சமூக ஊடகக் கணக்குகள், அரட்டைத் தளத்தின் உரிமை.

இவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோவது வேறு சில. லோகோவின் வெக்டர் கோப்பு வடிவமைப்பாளரின் கணக்கிலேயே தங்கிவிடும். செயல்திறன் சோதனைக்கான தரவு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் இருக்கும். அதில் வாடிக்கையாளர் தரவு கலந்திருந்தால் தரவே மாட்டார்கள், புதிதாக உருவாக்க வேண்டும். வெளியே சொல்லாத பிழைப் பட்டியல் உள் டிக்கெட் அமைப்பில் கிடக்கும். ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினோம்’ என்பதற்கான விளக்கம் பல நேரம் அந்த டிக்கெட்டில்தான் இருக்கும். ஒவ்வொரு கோடு மாற்றத்தோடும் பதியும் கமிட் குறிப்பில் எண் மட்டும் இருக்கும். வெளியேறும் முன் அந்த எண்களையெல்லாம் தேடி எடுத்து, பொதுவில் போடக்கூடியதைப் போட்டுவிடுங்கள். கணக்கு மூடப்பட்ட பிறகு அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை.

ஸ்லாக்கில் பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று: இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு மேற்பட்ட உரையாடல் மறைந்துவிடும். நிறுவனம் பணம் கட்டுவதை நிறுத்தும் முன் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

வணிகச்சின்னத்தை எழுதித் தராமல் ‘பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்கிறார்கள். போதாதா?

இன்றைய நிர்வாகம் இருக்கும் வரை போதும். நிறுவனம் கைமாறினாலோ, வருமானம் குறைந்து உரிமத்தை மாற்ற நினைத்தாலோ போதாது.

நாட்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உள்ள சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. ஆனால் வணிகச்சின்னப் பதிவு, அதன் பின்னால் இருந்த சினேடியா நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த நிறுவனம் திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முயன்று, டொமைனையும் கிட்ஹப்பையும் கேட்டது. வீட்டைக் கிரயம் பேசிக் குடியேறி ஏழு வருஷம் கழித்து, மூலப்பத்திரம் இன்னும் பழைய உரிமையாளரின் பீரோவில் இருப்பது தெரியவந்தது போன்ற நிலைமை. 2025 மே தொடக்கத்தில் சமரசமாகி, சின்னங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. கேட்க வேண்டியதை 2018-லேயே கேட்டிருந்தால் இந்த ரகளையே நடந்திருக்காது.

ஆவணத்தில் இருக்க வேண்டியவை: சின்னங்களின் பட்டியல், துணைப் பெயர்கள் உட்பட, எந்த நாட்டில் எந்த எண்ணில் பதிவு, சின்னத்தோடு அதன் நன்மதிப்பும் சேர்த்து மாற்றப்படுகிறது என்ற வாசகம். இந்தக் கடைசி வாசகம் விட்டுப்போனால் அமெரிக்கச் சட்டப்படி அந்த மாற்றமே செல்லாது என்று வாதிடலாம். கையெழுத்தானதும் பதிவு அலுவலகத்திலும் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பதிவே செய்யாத பெயராக இருந்தால், ‘இந்தப் பெயர் மீது எங்களுக்கு இருக்கக்கூடிய எல்லா உரிமையையும் இன்னாருக்கு மாற்றுகிறோம்’ என்று அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்.

நிறுவனத்தின் பெயரே லைப்ரரியின் பெயருக்குள் இருந்தால் பேச்சுவார்த்தையில் நேரத்தை வீணாக்காதீர்கள். அதை எந்தச் சட்டப் பிரிவும் தராது. முதல் நாளே வேறு பெயர் தேடுங்கள்.

காப்புரிமையையும் (காப்பிரைட்) மாற்றி வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. பழைய கோட்டின் காப்புரிமை நிறுவனத்திடமே இருக்கட்டும். உரிமத்தின் கீழ் நீங்கள் தொடரலாம். கோப்புகளின் தலைப்பில் உள்ள நிறுவனத்தின் காப்புரிமைக் குறிப்பை மட்டும் அழிக்காதீர்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி மூன்றுமே அதை வைத்திருக்கச் சொல்கின்றன. கீழே ‘மற்றும் திட்டத்தின் பங்களிப்பாளர்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்பாச்சி உரிமமென்றால் நோட்டீஸ் கோப்பும் கூடவே வர வேண்டும்.

கவனிக்க வேண்டியது பங்களிப்பாளர் ஒப்பந்தம், சுருக்கமாக சிஎல்ஏ. வெளியிலிருந்து கோடு அனுப்பியவர்கள் நிறுவனத்தோடு சிஎல்ஏ கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கோட்டுக்கு எந்த உரிமமும் போடும் அதிகாரம் நிறுவனத்துக்கு மட்டும் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. பிரிந்த நாளிலிருந்து, அந்தக் கையெழுத்தைக் கேட்கும் தானியங்கி சிஎல்ஏ நிரலை நிறுத்திவிட்டு, டிசிஓ எனப்படும் பங்களிப்பாளர் சான்றுக்கு மாறுவதே எளிது: ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் பங்களிப்பவர் தன் பெயரும் மின்னஞ்சலும் போட்டு, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்கிறார், அவ்வளவுதான். லினக்ஸ் கர்னல் 2004 முதல் இப்படித்தான் நடக்கிறது. மாற்றும் நாளில் பழைய சிஎல்ஏ நிரலை ரெப்போவிலிருந்து நீக்க மறந்தால், புதுப் பங்களிப்பாளர்கள் இன்னும் பழைய நிறுவனத்துக்கே கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார்கள்.

நிறுவனத்தில் தொடரும் ஊழியர்கள் பிரிந்த பின்னும் கோடு எழுதுவார்களா? அப்படியென்றால், அவர்கள் வேலை நேரத்தில் எழுதுவதைத் திட்டத்துக்குத் தர அனுமதி உண்டு என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, மேலாளர் மாறும் வரைதான்.

எந்த அமைப்பின் கீழ் போவது? நாமே ஒன்று பதிவு செய்யலாமா?

முடிந்தவரை நீங்களே பதிவு செய்யாதீர்கள். ஒரு லைப்ரரிக்காகக் கணக்குத் தணிக்கை, வரித் தாக்கல், நிர்வாகக் குழுக் கூட்டம் என்று ஓடுவதற்கு ஆள் இருக்காது. ஏற்கெனவே இருக்கும் குடையின் கீழ் நிற்பதே மேல்.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குப் போனால் பெயர், டொமைன் எல்லாம் அவர்களுக்கு. முதலில் புதுத் திட்டங்களுக்கான நுழைவுக் கட்டமான இன்குபேட்டரில் இருக்க வேண்டும். ரிலீஸுக்குக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகள் வேண்டும், வாக்கெடுப்பு வழக்கமாக 72 மணி நேரம் திறந்திருக்கும். உறுப்பினர் எல்லாரும் தனிமனிதராகவே கணக்கு, எந்த நிறுவனத்துக்கும் நாற்காலி கிடையாது. இந்தக் கட்டுப்பாடு சிலருக்கு எரிச்சலூட்டும். ஆனால் ஒரே நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட வேண்டிய திட்டத்துக்கு இதைவிடக் கறாரான இடம் இல்லை.

லினக்ஸ் ஃபவுண்டேஷனும் அதன் உள் அமைப்புகளும் பெரிய நிறுவனங்கள் பணம் போட வரும் திட்டங்களுக்குப் பொருந்தும். மெட்டாவின் பைடார்ச் 2022 செப்டம்பரில் அங்கேதான் போனது. சிறிய லைப்ரரிக்கு, திட்டத்தின் சார்பில் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்கும் நிதிக் காப்பாளர் போதும்: எஸ்பிஐ (சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்) வரும் பணத்தில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவும் 10 சதவீதம். ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்று ஒத்த பெயரில் இருந்த அமைப்பு 2024 இறுதியோடு கலைக்கப்பட்டது; பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காப்பாளரே மூடிவிட்டால் சொத்து யாருக்குப் போகும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பராமரிப்பாளர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோம். இங்கேயே ஒரு டிரஸ்ட் போட்டால்?

உள்நாட்டுப் பணம் மட்டும் என்றால் போடலாம். வெளிநாட்டு நன்கொடை வேண்டுமென்றால், அதற்கான சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு மூன்று வருஷமாவது இயங்கி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இன்று தொடங்கும் டிரஸ்டுக்கு இது நடக்காத காரியம். வெளிநாட்டுக் காப்பாளரிடம் பணம் இருக்கட்டும். செய்த வேலைக்கு இன்வாய்ஸ் போட்டுத் தொழில் வருமானமாக வாங்கிக்கொள்வதே இங்குள்ளவர்கள் வழக்கமாகப் போகும் வழி. அதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கிட்ஹப் ரெப்போவை மாற்றும்போது எது உடையும்?

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நட்சத்திரம், இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட் எல்லாம் கூடவே வரும். பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடப்படும். உடைவது ஓரங்களில்.

மாற்றும் முன்: புதிய கிட்ஹப் அமைப்பில் யாராவது ‘சோதனைக்கு’ என்று அந்த ரெப்போவை ஃபோர்க் செய்து (தனி நகலாகப் பிரித்து எடுத்து) வைத்திருந்தால் மாற்றமே நடக்காது. முதலில் அதை அழிக்க வேண்டும்.

மாற்றிய பின்: பழைய இடத்தில் அதே பெயரில் புது ரெப்போ உருவாக்கினால் திருப்புதல் அந்த நொடியே செத்துவிடும். இதை நிறுவனங்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கின்றன: ‘இத்திட்டம் இடம் மாறிவிட்டது’ என்று ஒரு ரீட்மீ கோப்பை மட்டும் போட்டு, பழைய பெயரில் ஒரு ரெப்போ திறப்பார்கள். அன்றிலிருந்து உலகம் முழுவதும் பழைய முகவரியில் குளோன் செய்யும் பில்டுகள் அந்த ஒற்றை ரீட்மீயைத்தான் இழுக்கும். இதைச் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

ரெப்போவோடு அதன் வெப்ஹூக்குகளும் டிப்ளாய் சாவிகளும் அப்படியே வந்துவிடுகின்றன. அதாவது நிறுவனத்தின் உள் இயந்திரங்களுக்கு உங்கள் ரெப்போவில் எழுதும் உரிமை இன்னும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். மறுபுறம், அமைப்பு மட்டத்தில் வைத்திருந்த ரகசியங்கள் வராது, எனவே ரிலீஸ் வேலைகள் தோற்கும். எந்தக் கோப்பின் மாற்றத்தை யார் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கோட் ஓனர்ஸ் கோப்பில் பழைய அமைப்பின் குழுப் பெயர்கள் இருந்தால் அந்த வரிகள் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும்; யாரும் பார்க்காமலே மாற்றங்கள் உள்ளே போகும். கிட்ஹப் பேஜஸில் இருந்த ஆவணத் தளத்துக்குத் திருப்புதல் கிடையாது.

பேக்கேஜ் பதிவகங்களில்?

உண்மையான வேலை இங்கேதான். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு தலைவலி.

பைத்தானின் பதிவகமான பைபிஐயில் உரிமையாளரைச் சேர்ப்பது சுலபம். குறைந்தது இருவரைச் சேருங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். நம்பகப் பதிப்பாளர் முறையில், அதாவது டோக்கன் இல்லாமல் கிட்ஹப்பிலிருந்தே வெளியிடும் முறையில் இருந்தால், அந்த அனுமதி ரெப்போவின் உரிமையாளர் பெயரோடு கட்டப்பட்டது. ரெப்போ இடம் மாறியதும் வெளியீடு தோற்கும். புது முகவரியை முதலில் சேர்த்துவிட்டு, ஒரு சோதனை வெளியீடு பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம்மில் பேக்கேஜ் பெயர் தனியாக இருந்தால் உரிமையாளரை மாற்றினால் முடிந்தது. @நிறுவனம் என்ற முன்னொட்டோடு இருந்தால் அதை வேறு முன்னொட்டுக்கு மாற்ற வழியே இல்லை. புதுப் பெயரில் வெளியிட்டு, பழையதில் ‘இனி இந்தப் பெயரில்’ என்ற கைவிடல் அறிவிப்பை நிறுவனமே போட வேண்டும். அதைச் செய்யும் ஊழியர் வேலையை விட்டுப் போகும் முன் செய்யவையுங்கள்.

ஜாவாவுக்கான மேவன் சென்ட்ரலில் குழுப் பெயர் நிறுவனத்தின் டொமைனைத் திருப்பிப் போட்டது. டிஎன்எஸ் பதிவு மூலம் டொமைன் உரிமையைக் காட்டினால்தான் வெளியிட முடியும். எனவே குழுப் பெயர் மாறியே தீரும். பழைய பெயரில் கடைசியாக ஒரு இடமாற்றக் குறிப்புக் கோப்பை வெளியிடச் சொல்லுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: குழுப் பெயரை மட்டும் மாற்றி உள்ளே ஜாவா பேக்கேஜ் பெயர்களை அப்படியே விட்டால், ஒரே பயன்பாட்டில் பழைய ஜார் (ஜாவா தொகுப்புக் கோப்பு), புது ஜார் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துவிடும். பெயர் வேறு என்பதால் பில்ட் கருவிக்கு மோதல் தெரியாது. எந்த வகுப்பு முதலில் ஏறுகிறதோ அதுவே ஓடும். ஒரு சர்வரில் வேலை செய்து இன்னொன்றில் ‘இந்த மெத்தட் இல்லை’ என்று விழும்.

கோ மொழியில் மாட்யூலின் பெயரே அதன் முகவரி. ரெப்போவை மாற்றிவிட்டு மாட்யூல் கோப்பில் பழைய பாதையை விட்டால், புது முகவரியில் கேட்பவருக்கு ‘இது தன்னை வேறு பெயரில் அறிவிக்கிறது’ என்ற பிழைதான் கிடைக்கும். பிரியும் இந்த வாய்ப்பில் திட்டத்தின் சொந்த டொமைனில் ஒரு பாதை அமைத்துவிடுங்கள். அடுத்த முறை ரெப்போ எங்கே போனாலும் பெயர் மாறாது.

மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் கட்டிவைத்த கன்டெய்னர் படிமங்களில் பெயர்மாற்றத் திருப்புதல் என்ற வசதியே பொதுவாகக் கிடையாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸ் 2015-லேயே கூகுளிடமிருந்து வெளியே வந்தும், அதன் படிமங்கள் கூகுளின் முகவரியிலேயே பல வருஷம் இருந்தன. அந்தப் பழைய பதிவகத்தை உறையவைத்தது 2023 ஏப்ரல் 3-இல்தான். பயனர்களின் கோப்புகளில் பதிந்துபோன முகவரியைப் பிடுங்குவது அவ்வளவு மெதுவாக நடக்கும்.

கோட்டுக்குள் இறக்குமதிப் பெயரையும் மாற்ற வேண்டுமா?

பெயர் உங்களுக்குக் கிடைத்திருந்தால் தொடாதீர்கள். கிடைக்காவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஜாவா இஇ எக்லிப்ஸ் அமைப்புக்குப் போனபோது, பழைய பேக்கேஜ் பெயரில் மாற்றங்கள் செய்ய ஆரக்கிளோடு உடன்பாடு வரவில்லை. 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் எல்லாப் பெயரும் மாறியது. அதை நம்பியிருந்த லைப்ரரிகள் எல்லாம் கூடவே மாற வேண்டியிருந்தது. அக்கா லைப்ரரி 2022-இல் உரிமம் மாறியபின் பிறந்த பெக்கோ என்ற ஃபோர்க்கிலும் பேக்கேஜ் பெயரோடு அமைவுக் கோப்பின் முன்னொட்டும் மாறியது.

தேடி மாற்றும் கருவியால் பிடிக்க முடியாதவை சில. பைத்தானில் பிக்கிள் செய்து வட்டில் வைத்த பொருட்களுக்குள் பழைய மாட்யூல் பாதை எழுதப்பட்டிருக்கும். பெயர் மாறினால் திறக்காது. ஜாவா சீரியலைசேஷனும் அப்படியே. சூழல் மாறிகளின் முன்னொட்டு, அளவீட்டுப் பெயர்கள், லாகர் பெயர்கள் மாறினால் கோடு ஓடும், ஆனால் பயனரின் கண்காணிப்புத் திரை வெறிச்சோடிவிடும். இரண்டு பெயரையும் ஒரு பெரிய பதிப்பு வரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பழைய பெயரில் ஒரு மெல்லிய உறை பேக்கேஜ் விடும்போது எச்சரிக்கையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பைத்தானின் கைவிடல் எச்சரிக்கை, முதன்மைக் கோப்பிலிருந்து நேரடியாகக் கூப்பிட்டாலொழிய இயல்பாகத் திரையில் வராது. பயனர் கண்ணில் பட வேண்டுமென்றால் எதிர்கால மாற்ற எச்சரிக்கை வகையைப் போடுங்கள்.

பில்ட் நிறுவனத்துக்கு வெளியே ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரின் மடிக்கணினி, நிறுவன விபிஎன் இல்லாத வீட்டு இணையம், காலியான கேஷ். குளோன் செய்து, பில்ட் செய்து, முழுச் சோதனையையும் ஓட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே நிற்கும். பில்ட் கோப்பில் எங்கோ நிறுவனத்தின் உள் பேக்கேஜ் நகலகத்தின் முகவரி இருக்கும். உள்ளே இருக்கும்வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அதைத் திருத்தினால் அடுத்து லாக் கோப்பில் அதே முகவரி வரும், அதை மறுபடி உருவாக்க வேண்டும். பிறகு அடிப்படை கன்டெய்னர் படிமம். பிறகு சோதனைத் தரவு. பிறகு, நிறுவனத்தின் சொந்த இயந்திரத்தில் மட்டும் இருக்கும் ஜிபியு அல்லது ஏஆர்எம் சோதனை.

சில நிறுவனங்களில் உண்மையான மூலம் உள் களஞ்சியத்தில் இருக்கும். கூகுளின் காப்பிபாரா போன்ற கருவி வெளியே நகலெடுத்துப் போடும். அப்படியானால் ஒரு தேதி குறித்து, அன்றிலிருந்து வெளி ரெப்போவே மூலம், நிறுவனம்தான் இனி வெளியிலிருந்து உள்ளே எடுக்க வேண்டும் என்று திசையைத் திருப்புங்கள். இது நடக்காதவரை நீங்கள் பிரியவில்லை; ஒரு கண்ணாடியைப் பராமரிக்கிறீர்கள்.

லைப்ரரி பயன்பாட்டுத் தகவலை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறதா என்பதையும் இதே சோதனையில் வெளிச்செல்லும் இணைப்புகளை வைத்துப் பார்த்துவிடலாம்.

டொமைன்?

அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், தானாகப் புதுப்பிக்க வேண்டும், பதிவாளர் கணக்குக்கு இரண்டு பேரிடம் அணுகல் இருக்க வேண்டும். தனிமனிதர் பெயரில் வாங்கிவைப்பது நிறுவனத்திடம் இருப்பதைவிட மோசம். பல தளங்கள் ஸ்கிரிப்ட் இழுத்துக்கொண்டிருந்த பாலிஃபில் டொமைன் 2024 பிப்ரவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கைமாறி, ஜூனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு அதிலிருந்து தீங்கான ஸ்கிரிப்ட் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது.

நிர்வாகக் குழுவில் பழைய நிறுவனத்தின் ஆட்களே பெரும்பான்மை. இது தனித்திட்டமா?

தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். கோடு தெரிந்தவர்கள் அவர்கள்தானே. உச்சவரம்பை விதியாக எழுதி, அதை எட்டும் தேதியையும் எழுதுங்கள். கூபர்நெட்டிஸ் வழிநடத்தும் குழுவில் ஏழு இடங்கள், ஒரே நிறுவனத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. தேர்தலுக்குப் பிறகு யாராவது வேலை மாறி வரம்பு மீறினால் ஒருவர் விலக வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குழுவைவிட முக்கியம் ரிலீஸ் பொத்தான். நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர், நிறுவனத்தில் யாரையும் கேட்காமல் ஒரு பதிப்பை வெளியிட முடிகிறதா? முடியாதவரை விதிமுறைகள் காகிதத்தில் இருக்கும், அதிகாரம் பழைய இடத்தில் இருக்கும்.

பணம்?

நிறுவனத்திடம் ரொக்கத்தைவிட ஆள்நேரம் கேளுங்கள்: ஒரு வருஷத்துக்கு இரண்டு பொறியாளர்களின் பாதி நேரம் என்பது போல, எழுத்தில். கோட்டைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் சிஐ இயந்திரங்களின் செலவை அதே காலத்துக்கு ஏற்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகான வருமானத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். சிறு நன்கொடைகள் டொமைனுக்கும் சர்வருக்கும் வரும், சம்பளத்துக்கு வராது. பெங்களூரின் ஜெரோதா 2024 அக்டோபரில் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குகிறது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. விண்ணப்பிக்க, திட்டத்தின் நிதித் தேவையைச் சொல்லும் ஒரு ஜேசன் கோப்பை உங்கள் தளத்தில் வைக்க வேண்டும். டொமைன் உங்கள் கையில் இருக்க இன்னொரு காரணம்.

பாதுகாப்புப் புகார்கள்?

பழைய மின்னஞ்சல் முகவரி எத்தனையோ ஆவணங்களில், பழைய பதிப்புகளின் உள்ளேயே இருக்கிறது. குறைந்தது இரண்டு வருஷம் அதை உங்களுக்குத் திருப்பிவிட நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னும் வெளியிடாத ஓட்டைகளின் பட்டியலைக் கையளிப்புக்கு முன்பே கேளுங்கள். ஓட்டைகளுக்கு இடும் அடையாளமான சிவிஇ எண்ணை நிறுவனமே வழங்கிவந்திருந்தால் இனி அந்த ஏற்பாடு உங்கள் லைப்ரரிக்குப் பொருந்தாது. கிட்ஹப்பின் பாதுகாப்பு அறிவிப்பு வழியாக எண் வாங்கலாம்.

எப்போது அறிவிப்பது?

எல்லாச் சாவியும் கைக்கு வந்து, புதிய இடத்திலிருந்து ஒரு பதிப்பு வெளியான பிறகு. அந்த முதல் பதிப்பில் புது வசதி எதையும் சேர்க்காதீர்கள். ஏதாவது உடைந்தால் அது இடமாற்றத்தாலா, புதுக் கோட்டாலா என்று தேடும் நிலை வரக்கூடாது. ரெடிஸ் தரவுத்தளத்திலிருந்து பிரிந்த வால்கி தன் முதல் பதிப்பை ரெடிஸ் 7.2.4-ஐ ஒட்டி 7.2.5 என்றுதான் விட்டது. பயனர்களுக்கு எதை எதனால் மாற்றுவது என்பது எண்ணைப் பார்த்ததுமே புரிந்தது.

நிறுவனம் எதையும் தர மறுக்கிறது. ஃபோர்க் ஒன்றுதான் வழியா?

ஆம், ஆனால் சமரசக் கதவைச் சாத்தாமல். ஜாயன்ட் நிறுவனத்தின் பிடியில் இருந்த நோட்.ஜேஎஸ் திட்டத்திலிருந்து 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது, அறக்கட்டளை அமைந்ததும் 2015 செப்டம்பரில் நோட் 4.0-ஆக இரண்டும் ஒன்றாயின.

உரிமம் மாறியதால் ஃபோர்க் செய்கிறீர்கள் என்றால், கடைசித் திறமூலக் கமிட் எது என்பதைப் பொதுவில் எழுதிவையுங்கள். அதன் பிறகு நிறுவனத்தின் ரெப்போவை உங்கள் பங்களிப்பாளர்கள் திறந்து பார்க்கவே கூடாது என்று விதி போடுங்கள். டெர்ராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபுவுக்கு 2024 ஏப்ரலில், உரிமம் மாறிய பின் வந்த கோட்டை எடுத்துவிட்டதாக டெர்ராஃபார்மின் நிறுவனமான ஹாஷிகார்ப் கடிதம் அனுப்பியது. எந்தப் பகுதி எந்தப் பழைய கோட்டிலிருந்து வந்தது என்று வரிவரியாகக் காட்டி ஓப்பன்டோஃபு குழுவினர் மறுத்தார்கள். கமிட் வரலாறு ஒழுங்காக இருந்ததால் முடிந்தது. ‘பெரிய ஒன்றிணைப்பு’ என்று முந்நூறு கோப்புகளை ஒரே கமிட்டில் தள்ளும் பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் அதை இப்போதே நிறுத்துங்கள்.

எல்லாரும் புதுப் பெயருக்கு வந்துவிட்டார்கள். பழைய பேக்கேஜை அழித்துவிடலாமா?

வேண்டாம். பைபிஐயில் ஒரு திட்டத்தை அழித்தால் அந்தப் பெயர் விடுபட்டு, வேறு யாரும் பதிவு செய்துகொள்ள முடியும். இன்னும் எங்கோ பழைய தேவைப் பட்டியலோடு ஓடும் பில்ட், அந்த அந்நியரின் கோட்டை நம்பி இழுக்கும். ‘எல்லாரும்’ வந்துவிட்டார்கள் என்று பதிவிறக்க எண்ணிக்கை ஒருபோதும் சொல்லாது. பழைய பெயரை அப்படியே வைத்து, 2025 முதல் பைபிஐயில் இருக்கும் ஆவணக்காப்பு நிலையில் போடுங்கள். உரிமையாளர் பட்டியலில் நிறுவனத்தின் ஆள் யாராவது மிச்சமிருந்தால் நீக்குங்கள்.